தாத்தா பெட்டியில் கிடைத்த ஜார்ஜ் மன்னர் நோட்டுகள்: எதற்கு விலை, எதற்கு இல்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காரைக்குடிப் பக்கம். அவருடைய தாத்தா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். பழைய வீட்டை இடிக்கும்போது அவருடைய தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே ஜார்ஜ் மன்னர் காலத்து ஒரு ரூபாய் நோட்டுகள் ஒரு சின்னக் கட்டு, இரண்டு ரூபாய் நோட்டு ஒன்று, 'பர்மா' என்று சிவப்பில் மேலச்சு (அச்சான நோட்டின் மேல் மறுபடி அடித்த எழுத்து) போட்ட பத்து ரூபாய் ஒன்று, ஜப்பான்காரன் அடித்த நோட்டு ஒரு கொத்து. கூடவே ஒரு பக்கம் மட்டும் அச்சான, பாதியாக வெட்டப்பட்ட பழுப்புத் தாள் ஒன்று. அதில் 'மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறதாம். "இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா? அந்தக் கிழிசலைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

கிழிசலை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பெட்டியில் அதிக விலை பெறக்கூடியது அதுவாகவே இருக்கலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை லட்சத்துக்குப் போகாது. சில நூறு ரூபாயில் நின்றுவிடும்.

பழசு என்பதால் மட்டும் நோட்டுக்கு விலை வருவதில்லை. எத்தனை அச்சடித்தார்கள் என்பது கூட அரைக் கணக்குதான். எத்தனை தப்பிப் பிழைத்தன, அவை எந்த நிலையில் இருக்கின்றன, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பவைதான் முழுக் கணக்கு. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1940ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் வெள்ளி நாணயத்துக்கு மாற்றாக, 1940 ஆகஸ்டில் புழக்கத்துக்கு விட்டார்கள். வெள்ளி ரூபாய்க்குப் பதில் என்பதால் மலைமலையாக அடித்தார்கள். வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் 'ராஜா நோட்டு' என்று ஒன்றிரண்டை எடுத்து வைத்தார்கள். இன்றைக்கும் எந்தப் பழைய நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் அது மேசைக்கு மேசை கிடக்கும். மடிந்து அழுக்கேறியது சில நூறு ரூபாய்தான்.

ஆனால் அந்தக் கட்டை அப்படியே ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆண்டு, அச்சாகியிருக்கும் நாணயப் படத்தில் உள்ள மன்னர் யார், கையெழுத்து யாருடையது. 1940 என்றும், ஆறாம் ஜார்ஜ் என்றும், சி. இ. ஜோன்ஸ் கையெழுத்து என்றும் இருந்தால் நான் மேலே சொன்ன சாதாரண வகை. 1935 என்றும், தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றும், ஜே. டபிள்யூ. கெல்லி கையெழுத்து என்றும் இருந்தால் அது வேறு நோட்டு. தேதி 1935 என்றாலும் புழக்கத்துக்கு வந்தது போர் தொடங்கிய பிறகுதான். நல்ல நிலையில் இருந்தால் அதன் விலை ஆயிரங்களில் போகும். அளவிலும் தோற்றத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கட்டுக்குள் ஒன்று கலந்து கிடந்தால் கண்ணில் படாது. இன்னொன்று, கட்டிலுள்ள நோட்டுகள் மடிக்காத புது நோட்டுகளாகவும் எண்கள் வரிசையாகவும் இருந்தால் பிரிக்காதீர்கள். வரிசைக்குத் தனி மவுசு உண்டு.

இரண்டு ரூபாய் நோட்டு வந்தது 1943 மார்ச் 3. அதற்கு முன் இரண்டரை ரூபாய், அதாவது இரண்டு ரூபாய் எட்டு அணா நோட்டை மறுபடி கொண்டுவரலாமா என்று யோசித்து, பிறகு இரண்டு ரூபாயாக முடிவு செய்தார்கள். இதில் இரண்டு ரிசர்வ் வங்கி கவர்னர்களில் ஒருவரின் கையெழுத்து இருக்கும்: ஜேம்ஸ் டெய்லர், சி. டி. தேஷ்முக். டெய்லர் அந்த ஆண்டு பிப்ரவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். ஆக, அவர் கையெழுத்திட்ட இரண்டு ரூபாய் நோட்டு மக்கள் கைக்கு வந்தபோது அவர் இல்லை. தேஷ்முக் கையெழுத்தில் வரிசை எண் கறுப்பில் உள்ளதும் உண்டு, சிவப்பில் உள்ளதும் உண்டு. சிவப்பு எண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. ஐந்து ரூபாய், பத்து ரூபாயில் வேறொரு பிரிவு உண்டு. மன்னர் பக்கவாட்டில் பார்ப்பது முந்தியது. நேராக நம்மைப் பார்ப்பது பிந்தியது. ஜப்பானியர் இந்திய நோட்டுகளை நன்றாகவே கள்ளத்தனமாக அடித்துவிட்டதால் வாட்டர்மார்க்கில் இருந்த மன்னர் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து நேர்முகமாக மாற்றினார்கள். பாதுகாப்பு இழையும் இந்தியாவில் முதன்முதலாக அப்போதுதான் நுழைந்தது. வியாபாரிகள் 'சைடு ஃபேஸ்', 'ஃப்ரண்ட் ஃபேஸ்' என்று சொல்வது இதைத்தான்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரலில் தொடங்கினாலும் அதன் பெயரில் முதல் நோட்டு, ஐந்து ரூபாய், 1938 ஜனவரியில்தான் வந்தது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டிலும் கையெழுத்திடவில்லை. எனவே 'ஸ்மித் கையெழுத்து, அபூர்வம்' என்று எவராவது கொண்டுவந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி அந்தப் பாதித் தாளுக்கு வருவோம்.

1861க்கு முன் பாங்க் ஆஃப் பெங்கால், பாங்க் ஆஃப் பாம்பே, பாங்க் ஆஃப் மெட்ராஸ் ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டு வந்தன. 1861ஆம் ஆண்டு காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையைப் பறித்து அரசிடம் கொடுத்தது. அரசு வெளியிட்ட முதல் நோட்டுகளில் விக்டோரியா ராணியின் சின்னப் படம் இருந்தது. கள்ளநோட்டுத் தொல்லை தாங்காமல் 1867இல் அதை நிறுத்தி, பச்சை நிற அடியச்சு (எழுத்துக்குப் பின்னணியாக வரும் அச்சு) கொண்ட நோட்டைக் கொண்டுவந்தார்கள். இந்த வகை சின்னச் சின்ன மாற்றங்களோடு 1920களின் தொடக்கம் வரை ஓடியது. ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறும் தாள். கையால் வார்த்த தாள் என்பதால் ஓரம் கத்திரித்த மாதிரி இருக்காது, கொஞ்சம் பிசிறடித்திருக்கும். நோட்டில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அச்சாகியிருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு நோட்டு நாடு முழுவதும் செல்லாது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், லாகூர், கராச்சி, கான்பூர், ரங்கூன் என்று வட்டம் பிரித்திருந்தார்கள். மெட்ராஸின் கீழ் திருச்சி, கோழிக்கோடு, காக்கிநாடா போன்ற துணை வட்டங்கள். ஒரு வட்டத்தின் நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். 1903க்கும் 1911க்கும் இடையில்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகளை எங்கும் செல்லுபடியாக்கினார்கள். உங்கள் தாளில் 'மெட்ராஸ்' என்று இருப்பது இந்த வட்டத்தின் பெயர். திருச்சி, கோழிக்கோடு என்ற பெயர் இருந்திருந்தால் இன்னும் பெரிய சங்கதி. துணை வட்டங்களில் வெளியான நோட்டுகள் இன்று விரல்விட்டு எண்ணும்படிதான் கிடைக்கின்றன.

பாதியாக வெட்டியது யாரோ விளையாட்டுப் பிள்ளை அல்ல, பணத்தை அனுப்பியவரே. வட்டிக்கடைக்காரர்களும் வியாபாரிகளும் தபாலில் பணம் அனுப்பும்போது நோட்டை நடுவில் வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகு மறுபாதி போகும். வழியில் திருடினாலும் ஒரு பாதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வரிசை எண் இரண்டு பாதியிலும் அச்சாகியிருந்ததால் சேர்த்துப் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. கணக்குப்பிள்ளை பெட்டியில் இப்படி ஒன்று கிடப்பதில் ஆச்சரியமே இல்லை. மறுபாதி வராமல் போயிருக்கலாம். அல்லது அந்தப் பெட்டியிலேயே ஏதாவது கணக்குப் புத்தகத்துக்குள், கடித உறைக்குள் இருக்கலாம். ஒரு தாள் விடாமல் புரட்டிப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே எண்ணோடு கிடைத்தால் ஒட்டவே ஒட்டாதீர்கள், தனித்தனியாகவே வைத்திருங்கள். பாதி மட்டும் என்றாலும் அதைத் தனியாகச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை என்ன என்று படத்தைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ரூபாய் மதிப்பு, தேதி, கையெழுத்து, எந்தப் பாதி என்பதைப் பொறுத்து அது பல மடங்கு மாறும்.

ஐந்தாம் ஜார்ஜ் காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டியைப் புரட்டும்போது இந்த வகை கிடைத்தால் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஒரு ரூபாய் நாணயத்திலுள்ள வெள்ளியே ஒரு ரூபாய்க்கு மேல் பெறும் என்ற நிலை. நாணயத்தை உருக்க ஆரம்பித்தார்கள், பதுக்கினார்கள். அதனால் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டும், அதைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டு அணா நோட்டும் வந்தன. ஒரு ரூபாய் நோட்டுகளை இருபத்தைந்து சேர்த்துச் செக் புத்தகம் மாதிரி தைத்துக் கொடுத்ததும் உண்டு. அப்படி வந்த நோட்டின் இடது ஓரத்தில் கிழித்த பல் அடையாளம் இருக்கும். அதைச் சேதம் என்று நினைத்துக் கத்தரியால் நேராக்கியவர்கள் உண்டு, பாவம். 1926 ஜனவரி 1 முதல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டரை ரூபாய் நோட்டு, ஓரளவு நல்ல நிலையில் இருந்தாலே, நம்மூர் சேகரிப்பாளர்களில் பாதிப்பேர் வெறும் கேட்டலாக்கில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சரக்கு. அதில் எண்ணுக்கு அருகே வட்டத்தைக் குறிக்கும் எழுத்து உண்டு: மெட்ராஸுக்கு எம், ரங்கூனுக்கு ஆர், கான்பூருக்கு ஏ என்று. அந்த ஓர் எழுத்து விலையை மாற்றிவிடும்.

அதே காலத்துக் கதை ஒன்று. 1918 ஜூலை 2 அன்று லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய ஷிராலா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. சரக்கில் இந்தியாவுக்கு அனுப்பிய நோட்டுக் கட்டுகளும் இருந்தன. பல கட்டுகள் கரை ஒதுங்கின. பெரும்பாலானவற்றை அதிகாரிகள் அழித்துவிட்டாலும் சில தனியார் கைக்குப் போய்விட்டன. 1918 மே 25 தேதியிட்ட இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 2024இல் லண்டன் நூனன்ஸ் ஏலத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 2,600 பவுண்டு வரை மதிப்பிட்டார்கள். கட்டின் நடுவில் இறுக்கமாக இருந்ததால் கடல் நீர் அவற்றை அதிகம் கெடுக்கவில்லை. பின்னணிக் கதைக்கு ஆவணத்தோடு ஆதாரம் இருந்தால் அதற்கும் காசு உண்டு. உங்கள் தாத்தாவின் ரங்கூன் கணக்குப் புத்தகம், கடை முத்திரை உள்ள உறை இருந்தால் நோட்டோடு சேர்த்தே வையுங்கள்.

பர்மா நோட்டுக்கு மேலச்சைப் படித்தால் போதும். பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து பிரிந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகளில் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று மேலச்சு போட்டார்கள். அது அரிது. போர் முடிந்து 1945இல் 'பர்மா ராணுவ நிர்வாகம்' என்று ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளில் சிவப்பில் போட்டார்கள்; 1947இல் 'பர்மா கரன்சி போர்டு' என்று இன்னொன்று. உங்களுடையதில் ஆறாம் ஜார்ஜ் படம் இருந்தால் கடைசி இரண்டில் ஒன்றாக இருக்கும். சுமாரான விலை போகும், ஆனால் மேலச்சு உண்மையா என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பத்து ரூபாய் நோட்டில் பிற்காலத்தில் யாராவது எழுத்தை அடித்துவிட்டு விலையைப் பத்து மடங்காக்குவது இந்தத் தொழிலில் சகஜம். பாகிஸ்தானுக்காக 1948இல் 'கவர்ன்மென்ட் ஆஃப் பாகிஸ்தான்' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் போட்டு நாசிக்கில் அடித்துக் கொடுத்த நோட்டுகளில் இந்தத் தில்லுமுல்லு இன்னும் அதிகம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய மடிப்பின் பள்ளத்துக்குள் புது மை இறங்கியிருந்தால், நோட்டு மடிந்து பழசான பிறகு எழுத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல மேலச்சில் மடிப்பு விழுந்த இடத்தில் மையும் சேர்ந்து உதிர்ந்திருக்கும்.

ஜப்பான் நோட்டுக் கொத்துக்கு அதிகம் ஆசைப்பட வேண்டாம். போரில் பிடித்த நாடுகளில் புழங்க ஜப்பான் அடித்தவை இவை. பி என்று தொடங்கும் எழுத்துகள் பர்மாவுக்கு, எம் என்று தொடங்குபவை மலாயாவுக்கு. மலாயாவில் வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டை 'பனானா நோட்டு' என்பார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்த அன்றே இவை வெறும் காகிதம். மூட்டைமூட்டையாக மிஞ்சியதால் இன்றும் மலிவு. வரிசை எண் உள்ள தொடக்ககால மலாயா நோட்டுகள் மட்டும் விதிவிலக்கு. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

நம் பக்கத்துக்காரர்கள் தேட வேண்டிய வேறு இரண்டு இருக்கின்றன. பாண்டிச்சேரியில் பாங்க் ஆஃப் இந்தோசீனா வெளியிட்ட ரூபாய் நோட்டுகள். ஐம்பது ரூபாயில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படம் இருக்கும். இன்னொன்று இலங்கையில் 1942இல் சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு வந்த ஐந்து சதத் தாள். நடுவில் தபால்தலை மாதிரி துளை போட்டு, கிழித்தால் இரண்டு சதம் ஒன்று, மூன்று சதம் ஒன்று என்று பிரியும்படி அடித்தார்கள். கிழிக்காமல் முழுதாகக் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

சரி, நிலைமையை எப்படி மதிப்பிடுவது? இருட்டறையில் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் நோட்டின் மேல் படுத்துப் போகும்படி பாருங்கள். நேர் வெளிச்சத்தில் புதிதாகத் தெரியும் நோட்டில் நடு மடிப்பும் மூலை மடிப்பும் அப்போது கோடாகத் தெரியும். மடிப்பே இல்லையென்றால் யூஎன்சி, அதாவது புழங்காத நோட்டு. மெலிதாக ஒன்றிரண்டு என்றால் எக்ஸ்எஃப். பல மடிப்பும் கொஞ்சம் அழுக்கும் என்றால் விஎஃப். அதற்குக் கீழே எஃப், விஜி என்று இறங்கும். சாதாரண நோட்டில் யூஎன்சிக்கும் எஃபுக்கும் இடையே விலை பத்து மடங்கு கூட வித்தியாசப்படும். அபூர்வ நோட்டில் அந்த வித்தியாசம் குறையும், ஏனென்றால் வாங்குபவருக்கு வேறு வழி இல்லை. இடது பக்கம் உள்ள ஸ்டேப்ளர் ஓட்டைகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கட்டைத் தைப்பது இங்கே வங்கிகளின் வழக்கமாக இருந்தது. ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னதே 2001இல்தான். வெளிநாட்டுத் தரச் சான்று நிறுவனங்களும் நோட்டு வெளியானபோதே விழுந்த ஓட்டை என்று குறிப்பு எழுதிவிட்டு மேலே போகின்றன.

தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் போட்டால் கதை முடிந்தது. கழுவிய நோட்டு சலவைப் பொடியின் வெண்மையூட்டியால் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். வியாபாரி பையிலிருந்து முதலில் எடுப்பது அந்த விளக்கைத்தான். வைப்பதற்குக் கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி ஆல்பம் வேண்டாம். நாள்பட அது பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பூச்சி உருண்டையை உறைக்குள் போட வேண்டாம். ஈரமில்லாத மர அலமாரியே போதும்.

விலை தெரிய, விற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் ஐந்து லட்சம் என்று எழுதலாம். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே வகை, அதே கையெழுத்து, அதே தரம் என்று மூன்றும் பொருந்தும் ஏலங்களைத் தேடி, ஏலக் கமிஷனைக் கழித்துப் பாருங்கள். உலக நோட்டுகளின் கேட்டலாக்கில் ஒவ்வொரு வகைக்கும் 'பிக் எண்' என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் தேடல் பாதி முடிந்தது. நேரில் பார்த்துக் கண் பழக வேண்டுமானால் பெங்களூருவில் சேகரிப்பாளர் ரெஸ்வான் ரசாக்கின் காகிதப்பண அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

500, 1,000, 10,000 ரூபாய் ஜார்ஜ் நோட்டுகள் ஏன் அவ்வளவு விலை என்று சிலர் கேட்பதுண்டு. 1946 ஜனவரி 12 அன்று அவற்றைச் செல்லாது என்று அறிவித்தார்கள். வைத்திருந்தவர்கள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். தப்பியவை சொற்பம். அதனாலேயே போலியும் அதிகம். அப்படி ஒன்று கிடைத்தால் தரச் சான்று வாங்காமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உங்கள் ஒரு ரூபாய் நோட்டுகளுக்குச் சான்று வாங்குவது வீண் செலவு. சான்றுக்கான கட்டணமே நோட்டு விலையைத் தாண்டிவிடும். பாதித் தாளுக்கு யோசிக்கலாம்.

வீடியோவில் சொல்லும் 'ரிசர்வ் வங்கி மூலம் விற்றுத் தருகிறோம், முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள்' என்பது சுத்த மோசடி. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், பழைய நோட்டு வாங்குவது விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதும் இல்லை என்று அறிவித்தது. பணம் வாங்குபவரிடமிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும். முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

விற்க முடிவு செய்தால் சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சேகரிப்பாளர் சங்கங்களில் முதலில் காட்டுங்கள். இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கடைக்காரர் சந்தை விலையில் பாதி, அறுபது சதவீதம் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அது எத்தனை மாதம் கிடக்கும் என்று தெரியாது. ஆனால் கட்டை முழுதாக 'மொத்தமா இவ்வளவு தர்றேன்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த மொத்தத்துக்குள் பாதித் தாளும் போய்விடும். அதை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேதியை முதலில் படியுங்கள். நூறு ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருள்களை நாட்டை விட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. தொல்லியல் துறையில் விசாரிக்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு அந்தத் தாளை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, முன்னும் பின்னும், பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வாட்டர்மார்க் தெரியும்படி ஒன்று என மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணும் தேதியும் தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.